ஊர் வாயைக் கேட்டு நாய் வாயைக் கெடுத்த கதை

கோத்தகிரியில் காலை ஆறரை மணிக்கு நாயோடு நடப்பவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. ஆளின் பெயர் தெரியாது, நாயின் பெயர் தெரியும். "டைகர் தாத்தா", "மிளகு அக்கா" என்றுதான் அழைத்துக்கொள்வோம். மிளகு அக்கா நான்தான்.

சென்ற மாதம் இந்தக் கூட்டத்தில் ஓர் இளைஞர் சேர்ந்தார். சென்னைக்காரர், வீட்டிலிருந்தே கணினி வேலை பார்ப்பவர். அவருடைய லாப்ரடாருக்கு வாய் நாறியது, ஒரு பக்கமாக எச்சில் வடிந்தது. டீக்கடை வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: "உங்கள் நாய்க்கு இப்படி வந்தபோது என்ன கொடுத்தீர்கள்?" பத்து நிமிடத்தில் ஏழு மருந்துகள் கிடைத்தன. ஏழையும் அவர் கைப்பேசியில் குறித்துக்கொண்டதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினோரு வருடங்களுக்கு முன் அதே வாசலில் அதே கேள்வியைக் கேட்டவள் நான்.

நம்முடைய பற்பசையை நாய்க்குப் போடாதீர்கள், மிட்டாய் கொடுக்காதீர்கள், வர்க்கியை டீயில் நனைத்து ஊட்டாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே விளக்கப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வர்க்கி ஊட்டுகிறவர்களுக்கு நான் எழுதி என்ன ஆகப்போகிறது?

முன்பல்லைக் காட்டிப் பின்பல்லுக்கு யோசனை கேட்பது

நாய் வாயைத் திறந்து இளைக்கும்போது எடுத்த படத்தைக் காட்டி, "பற்கள் வெள்ளையாகத்தானே இருக்கின்றன?" என்று கேட்பார்கள். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். அந்தப் படத்தில் பளிச்சென்று தெரிபவை முன்பற்கள் 12, கோரைப் பற்கள் 4. மீதி 26 பற்கள் கன்னத்துக்குப் பின்னால் இருக்கின்றன. பற்காறை, அதாவது பல்லில் கெட்டியாகிப்போன அழுக்கு, முதலில் படிவது அங்கேதான், அதிலும் மேல்தாடைக் கடைவாய்ப் பற்களின் வெளிப்பக்கத்தில். எச்சில் சுரப்பியின் குழாய் திறப்பது அந்த இடத்தில்.

பார்ப்பதற்கு வாயைத் திறக்கவே தேவையில்லை. வாய் மூடியிருக்கும்போதே உதட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் மேலே தூக்கிப் பின்னோக்கி இழுத்தால் போதும். ஈறு ஓரத்தில் பழுப்பு நிறத்தில் ஓடு போல ஒட்டியிருக்கும், ஈறு சிவந்திருக்கும். சில நாய்களில் தொட்டாலே இரத்தம் கசியும். இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் காறை அதிகமாக இருந்தால், அந்தப் பக்கம் நாய் மெல்லுவதில்லை என்று சந்தேகப்படலாம்.

'தின்கிறதே, அப்புறம் என்ன வலி?'

இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். நல்ல மனிதர்கள்தான் சொல்கிறார்கள். ஆறுதலுக்காகத்தான் சொல்கிறார்கள். அதனால்தான் அது இத்தனை கெடுதல் செய்கிறது.

அப்போது என்னிடம் இருந்தது மணி. பாதி நாட்டு நாய், பாதி லாப்ரடார், ஏழு வயது. ஐப்பசி மழையில் ஒருநாள் காலையில் அவனுடைய வலது கண்ணுக்குக் கீழே நெல்லிக்காய் அளவு வீக்கம். நான்கு பேரிடம் கேட்டேன். ஒருவர், தேயிலைக்குள் மூக்கை நுழைத்திருப்பான், குளவி கொட்டியிருக்கும் என்றார். இன்னொருவர், யாரோ கல்லால் அடித்திருக்கிறார்கள் என்று அடித்தவர் யார் என்பதையும் ஊகித்துச் சொன்னார். மூன்றாமவர், "என் நாய்க்கும் இதே மாதிரிதான் வந்தது" என்று வீட்டுக்குள் போய் ஆறு மாத்திரை மீதமிருந்த ஓர் அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருடையது ஜெர்மன் ஷெப்பர்ட், மணியைவிட ஒன்றரை மடங்கு எடை. அதற்கும் அவரிடம் கணக்கு இருந்தது: "நீங்கள் முக்கால் மாத்திரை கொடுங்கள்." நான்காமவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "தின்கிறானா?" தின்கிறான் என்றேன். "அப்புறம் என்ன வலி?"

முக்கால் மாத்திரையாகக் கொடுத்தேன். நான்காம் நாள் வீக்கம் வற்றிவிட்டது. மாத்திரை கொடுத்தவருக்கு ஒரு சீப்பு மலைப்பழம் கொண்டுபோய்க் கொடுத்து நன்றி சொன்னேன். ஐந்து வாரம் கழித்து அதே இடத்தில் அதே வீக்கம். மிச்ச மாத்திரை. மறுபடியும் வற்றியது. தை மாதத்தில் மூன்றாம் முறை வந்தபோது வற்றவில்லை. கண்ணுக்கு அரை அங்குலம் கீழே தோல் கிழிந்து சீழ் வழிந்தது. அப்போதும் நான் மருந்துக் கடைக்குப் போய்க் கண் சொட்டு மருந்து வாங்கினேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கண்ணுக்குப் பக்கத்தில் வழிந்தால் கண் நோய் என்றுதானே தோன்றும்?

டாக்டர் கண்ணைப் பார்க்கவே இல்லை. உதட்டைத் தூக்கினார். மேல்தாடையில் பின்பக்கமாக இருக்கும் பெரிய பல், முன்கடைவாய்ப் பற்களில் நான்காவது, வெளிப்பக்கம் ஒரு சில்லு பெயர்ந்து நின்றது. எலும்பையும் இறைச்சியையும் கத்தரிக்கோல் போல வெட்டுவதற்கான பல் அது. அதற்கு மூன்று வேர்கள். அந்த வேர்களின் நுனி கண்ணுக்குச் சற்றுக் கீழே போய் முடிகிறது. பல் உடைந்து உள்ளே இருக்கும் கூழ் போன்ற மென்சதை வெளியே தெரிந்துவிட்டால் கிருமி அந்த வழியாக வேர் நுனிக்குப் போகிறது. சீழ் அங்கே கட்டுகிறது. வீங்குவது கன்னம், கெட்டது பல்.

மாத்திரைக்கு ஏன் வற்றியது, ஏன் திரும்ப வந்தது என்பதையும் அவர்தான் சொன்னார். மருந்து இரத்தத்தோடு போகிற இடத்துக்குத்தான் போகும். செத்துப்போன பல்லின் உள்ளே இரத்த ஓட்டம் இல்லை. சுற்றியுள்ள சதையில் இருக்கும் கிருமியை மருந்து அடக்குகிறது. பல்லுக்குள் குடியிருக்கும் கிருமி பத்திரமாக இருந்து, மருந்து நின்றதும் மறுபடி வெளியே பரவுகிறது. பல்லை எடுக்கவேண்டும், அல்லது வேர் சிகிச்சை செய்யவேண்டும். மூன்றாவது வழி கிடையாது. நானோ மூன்றாவது வழியில் மூன்று மாதம் நடந்திருந்தேன்.

பல் ஏன் உடைந்தது? மாட்டுக் கால் எலும்பு. பல் சுத்தமாகும் என்று அதைக் கொடுக்கச் சொன்னவர், அட்டை கொடுத்த அதே மனிதர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருடைய நாய் பத்து வருடம் எலும்பு கடித்து ஒன்றும் ஆகாமல் இருந்தது, அவ்வளவுதான். அவருக்குத் தெரிந்தது அவருடைய நாய் மட்டும்.

கோயம்புத்தூரில் எக்ஸ்ரே எடுத்து, மயக்க மருந்து கொடுத்து, பல்லை மூன்று துண்டாக அறுத்து வேர் வேராக எடுத்தார்கள். நான்காம் நாள் மணி கொட்டாங்கச்சியை வாயில் கவ்விக்கொண்டு வாசலில் வந்து நின்றான். அவன் அதைத் தொட்டே பல மாதமாகியிருந்தது. வயதாகிவிட்டது, விளையாட்டு குறைந்துவிட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

அன்று இரவு உட்கார்ந்து யோசித்தபோது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. களி உருண்டையை அவன் கடிக்கவில்லை, அப்படியே விழுங்கினான். சோற்றில் கிடக்கும் கறித்துண்டை இடது பக்கமாகத் தலையைச் சாய்த்து எடுத்தான். தட்டைச் சுற்றிப் பருக்கை சிந்தியது. கழுத்துப் பட்டையை மாட்டும்போது ஒருமுறை உறுமினான், அதற்கு என்னிடம் அடியும் வாங்கினான். ஆனால் தட்டு ஒவ்வொரு வேளையும் காலியாகத்தான் இருந்தது. பசி வலியைவிடப் பெரியது. பல் வலிக்காகப் பட்டினி கிடக்கும் நாய் அபூர்வம். தின்கிறதா என்று கேட்காதீர்கள். எப்படித் தின்கிறது என்று குனிந்து பாருங்கள்.

ஒன்று சொல்லவேண்டும். கண்ணுக்குக் கீழே வீங்கினால் எல்லாமே பல்தான் என்று இதைப் படித்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். குளவியும் கொட்டும், கட்டியும் வளரும், முள்ளும் ஏறும். அப்படி முடிவு கட்டினால் நானும் அட்டை கொடுத்தவர் ஆகிவிடுவேன்.

மனிதர்களுக்கான வலி மாத்திரை

வேண்டாம். பாராசிட்டமால் ஈரலையும், இபுபுரூஃபன் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். "பாதிதான் கொடுத்தேன்" என்பது எனக்கும் சொல்லத் தெரிந்த வசனம்.

நீலகிரித் தைலம், கிராம்புத் தைலம்

நம் ஊர்ச் சரக்கு என்பதால் நாய்க்கு ஒத்துவரும் என்று அர்த்தமில்லை. தேய்த்ததை நாய் துப்பாது, நக்கி விழுங்கும். உள்ளே போனால் இரண்டுமே நஞ்சு.

கடமான் கொம்பு

சோலை ஓரத்தில் உதிர்ந்து கிடந்தது என்று எடுத்துவந்து நாய்க்குக் கொடுக்கச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாட்டு எலும்பு உடைக்கும் பல்லைக் கொம்பும் உடைக்கும். அதோடு, உதிர்ந்த கொம்பாக இருந்தாலும் வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாய்க்குப் பல் போகும், உங்களுக்கு வழக்கு வரும். எதைக் கொடுத்தாலும் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதியாத பொருள் நாயின் பல்லுக்கு ஆகாது.

'மயக்க மருந்து கொடுத்தால் எழாது'

பல்லைச் சுத்தம் செய்ய மயக்க மருந்து வேண்டும் என்றதும் இப்படிச் சொல்லும் ஒருவர் ஒவ்வொரு ஊரிலும் இருப்பார். அவருடைய நாய் இறந்திருக்காது, அவருக்குத் தெரிந்தவரின் உறவினருடைய நாய் இறந்திருக்கும். மயக்க மருந்தில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதற்காகத்தான் முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள், இதயத்தைக் கேட்கிறார்கள், தண்ணீரும் காறைத் துகளும் நுரையீரலுக்குப் போகாமல் மூச்சுக்குழாயில் குழாய் வைக்கிறார்கள். வயதான நாய் என்றால் டாக்டரிடம் இன்னும் நாலு கேள்வி கேளுங்கள். டீக்கடையில் கேட்காதீர்கள்.

இந்தப் பயத்தால்தான் நாமே சுரண்டும் வேலை தொடங்குகிறது. மிளகுவுக்கு முன்னால் இருந்த குட்டைநாய்க்கு நகவெட்டியின் முனையால் காறையைப் பெயர்த்தேன். ஓடு ஓடாக வந்தபோது பெருமையாக இருந்தது. இரண்டு மாதத்தில் முன்பைவிடத் தடிமனாக ஏறியது. சுரண்டிய பல் சொரசொரப்பாகிறது, அழுக்கு இன்னும் நன்றாக ஒட்டுகிறது. அதைவிட முக்கியம், நோய் இருப்பது ஈறுக்கு அடியில். விழித்திருக்கும் நாய் அந்த இடத்தில் கருவியை வைக்கவிடாது. வெளியே வெள்ளையாகி உள்ளே அழுகிக்கொண்டிருக்கும் பல்லைவிடப் பழுப்புப் பல்லே மேல், பார்த்தவுடன் சந்தேகமாவது வரும்.

குட்டியின் பால் பல்லை நூல் கட்டி இழுப்பது

செய்யாதீர்கள். வேர் உள்ளேயே முறியும். ஏழு மாதமாகியும் கோரைப் பல் பக்கத்தில் பழையதும் புதியதும் ஜோடியாக நின்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

வாய் மூடாத நாயின் வாய்க்குள் கையை விடுவது

இதில் விளையாட்டே வேண்டாம். தாடை தொங்குகிறது, எச்சில் ஒழுகுகிறது, விழுங்க முடியவில்லை என்றால் பக்கத்தில் நிற்பவர்கள் உடனே சொல்வது, "எலும்பு சிக்கியிருக்கிறது, கையை விட்டு எடுங்கள்." வெறிநோயின் ஒரு வகை இப்படித்தான் தோன்றும். குரைப்பும் ஆவேசமும் இல்லாமல், வாய் மூட முடியாமல், பரிதாபமாக. வெறிநாய்க்கடி சிகிச்சைக்காக 1907இலேயே குன்னூரில் பாஸ்டியர் ஆய்வகம் வந்துவிட்டது. அதன் வாசல் வழியாகத் தினமும் போய் வரும் மலைக்காரர்களே இதை மறந்துவிடுகிறோம் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். தடுப்பூசி விட்டுப்போன நாய், எங்கிருந்து வந்தது என்று தெரியாத நாய் என்றால் தொடவே வேண்டாம், டாக்டரைக் கூப்பிடுங்கள். எச்சில் பட்டுவிட்டால், கீறல் சிறிதாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்படியென்றால் யாரிடமும் எதுவும் கேட்கக்கூடாதா?

கேட்கலாம். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்காதீர்கள். டாக்டர் என்ன கண்டுபிடித்தார், எங்கே எக்ஸ்ரே எடுத்தீர்கள், எத்தனை முறை இறங்கிப் போகவேண்டியிருந்தது, பல் எடுத்த வாரம் என்ன ஊட்டினீர்கள், பல் தேய்க்க எப்படிப் பழக்கினீர்கள் என்று கேளுங்கள். இவற்றில் நாய் வளர்ப்பவரை மிஞ்ச ஆளில்லை. விரலில் மெல்லிய துணியைச் சுற்றி, கோழிச் சாற்றில் நனைத்து, முதல் வாரம் உதட்டை மட்டும் தடவிப் பழக்கும் வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் டைகர் தாத்தா. மிளகு இன்று தினமும் தானே வந்து உட்கார்கிறாள்.

அந்த இளைஞரிடம் முதலில் தடுப்பூசி அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். சரியாக இருந்தது. உதட்டைத் தூக்கி இரண்டு பக்கமும் பார்த்தேன். நாற்றம் மட்டும் தெரிந்தது, காரணம் தெரியவில்லை. குறித்துவைத்த ஏழையும் அழித்துவிட்டு டாக்டரிடம் போகச் சொன்னேன். டாக்டர் பார்த்தபோது மேல் அண்ணத்தில், இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே, குறுக்காகச் செருகி நின்றது விரல் நீளச் சில்வர் ஓக் குச்சி ஒன்று. எத்தனை வாரமாக இருந்ததோ, சுற்றிலும் சதை புண்ணாகியிருந்தது. குச்சியை இங்கேயே எடுத்துவிட்டார்கள். பக்கத்துப் பல் ஒன்று ஆடுவதால் எக்ஸ்ரே எடுக்கக் கோயம்புத்தூர் போகச் சொல்லியிருக்கிறார்கள்.

நேற்றுக் காலை அவர் மறுபடி வந்து, காரில் என்ன எடுத்துப்போகவேண்டும் என்று கேட்டார். மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் எத்தனை மணியிலிருந்து வெறும் வயிறு என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பழைய போர்வை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒன்று போதாதா என்றார். மலைப்பாதை வளைவுகளில் வாந்தியெடுத்து, குஞ்சப்பனை தாண்டுவதற்குள் முதலாவது நனைந்துவிடும், இரண்டாவது திரும்பி ஏறும்போது.