பியூகிள் கேட்டதும் காரை நோக்கி ஓடாதீர்கள்

அமெரிக்க ராணுவத் தளத்துக்குள் முதல்முறை போகிறவர்களிடம் அடையாள அட்டை, வண்டி இன்ஷூரன்ஸ், உள்ளே எவ்வளவு வேகத்தில் போகலாம் என்று எல்லாம் சொல்லி அனுப்புவார்கள். சாயங்காலம் ஒலிபெருக்கியில் பியூகிள் (ராணுவத்தில் ஊதும் சின்னப் பித்தளைக் கொம்பு) ஊதினால் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை. அக்கா மகன் அங்கே தரைப்படையில் சேர்ந்த பிறகு அவனைப் பார்க்கப் போயிருந்தோம். சாப்பாட்டுப் பையோடு பார்க்கிங்கில் நடந்துகொண்டிருக்கும்போது எங்கிருந்தோ ஊதல் சத்தம் வந்தது, சுற்றியிருந்தவர்கள் அத்தனை பேரும் நின்ற இடத்தில் நின்றுவிட்டார்கள். நான் மட்டும் "டேய், சாவி எங்கடா?" என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். அவன் திரும்பவே இல்லை. அடுத்து ஒரு பீரங்கி வெடித்ததும் பையை நான் கீழே போட்டதுதான் மிச்சம். எல்லாம் முடிந்த பிறகு, "சித்தி, அது பாட்டு இல்ல, ஆர்டர்" என்றான்.

பாட்டு என்று நினைப்பதுதான் முதல் தவறு, மற்ற தவறுகள் பெரும்பாலும் அதிலிருந்து வருகிறவைதான். கைக்கடிகாரமும் ஒயர்லெஸ்ஸும் இல்லாத காலத்தில் எழு, சாப்பிட வா, வரிசையில் நில், விளக்கை அணை என்று ஒவ்வொன்றையும் ஒரு முகாம் முழுக்கக் கேட்கும்படி சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு ஆளுக்கு ஆள் கத்துவதைவிட ஒரு பியூகிள் சுலபம். ஒவ்வொரு ஊதலுக்கும் ஒரு பொருள், ஒரு செயல். நம் கோயில்களில் பள்ளியெழுச்சி முதல் பள்ளியறை வரை மணியும் மேளமும் நேரம் சொல்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஊதும் ரெவலியின் பெயரே 'விழித்தெழு' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது, ஆக அதைப் பள்ளியெழுச்சி என்று சொன்னாலும் தப்பில்லை.

சாயங்காலத்துக்கு வருவோம், குழப்பம் அங்கேதான் அதிகம். பல தரைப்படைத் தளங்களில் மாலை 5 மணிக்கு ஊதுவது ஒரே இசை என்று பலரும் நினைக்கிறார்கள். அது இரண்டு. முதலில் வருவது ரிட்ரீட், அலுவல் நாள் முடிந்தது என்பதற்கான அறிவிப்பு. அதன் கடைசி ஸ்வரத்தில் பீரங்கி வெடிக்கும் (எல்லாத் தளத்திலும் பீரங்கி கிடையாது, என் அதிர்ஷ்டம் அன்று இருந்தது). அதற்கு அடுத்து 'டு த கலர்' என்ற ஊதலோ தேசிய கீதமோ வரும், கொடி இறங்குவது அப்போதுதான். யூனிஃபார்மில் வெளியே இருப்பவர் ரிட்ரீட்டுக்கு அட்டென்ஷனில் நிற்க வேண்டும், சல்யூட் அடிக்கக் கூடாது. இரண்டாவது ஊதலின் முதல் ஸ்வரத்தில்தான் கை ஏற வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்கள் ரிட்ரீட் தொடங்கியதுமே கையைத் தூக்கிவிட்டு, பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து மெதுவாக இறக்குவதை அன்றைக்கே நான் பார்த்தேன். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் காலையில் ரெவலிக்கு முதல் ஸ்வரத்திலேயே சல்யூட் உண்டு, கொடி அப்போதே வேகமாக மேலே போய்விடும். ஏற்றும்போது விறுவிறுப்பாக, இறக்கும்போது நிதானமாக என்பது அவர்கள் வழக்கம்.

எல்லாவற்றையும்விட மோசமானது ஓடுவது. ஊதல் தொடங்கியதும் அவசரமாகக் கடைக்குள்ளோ காருக்குள்ளோ புகுந்துகொண்டால் நிற்க வேண்டியதில்லை என்று ஒரு கூட்டம் கணக்குப் போடும், அதில் யூனிஃபார்ம் போட்டவர்களும் உண்டு. அங்கே இருக்கும் மூத்த சார்ஜென்ட்டுகளுக்கு இதைவிட எரிச்சல் தரும் காட்சி வேறு இல்லை. அந்தத் தளங்களில் வளரும் பிள்ளைகளைப் பாருங்கள், ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தாலும் இறங்கி நிற்பார்கள்.

சரி, எந்தப் பக்கம் திரும்பி நிற்பது? கொடி கண்ணுக்குத் தெரிந்தால் கொடியைப் பார்த்து. தெரியாவிட்டால் இசை வரும் திசையைப் பார்த்து. நாலு பக்கமும் ஒலிபெருக்கி கட்டியிருக்கும் இடத்தில் இது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும், ஆளுக்கொரு திசையில் நிற்பார்கள். அதனால் உள்ளே போகும்போதே கொடிக்கம்பம் எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

நம் ஆட்கள் செய்யும் இன்னொன்று, பக்கத்தில் நிற்கும் அமெரிக்கரைப் பார்த்து அப்படியே நெஞ்சில் கை வைப்பது. இந்தியப் பாஸ்போர்ட்டோ இலங்கைப் பாஸ்போர்ட்டோ வைத்திருப்பவர் அதைச் செய்ய வேண்டியதில்லை. அமெரிக்கக் கொடி பற்றிய சட்டமே வேற்று நாட்டுக் குடிமக்கள் நேராக நின்றால் போதும் என்கிறது. வைத்துவிட்டால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை, ஆனால் கடமை என்று நினைத்துத் தவிக்க வேண்டாம். அங்கே குடியுரிமை வாங்கியவராக இருந்தால் கை நெஞ்சுக்குப் போக வேண்டும், ஆண்கள் தொப்பியைக் கழற்றி இடது தோளருகே பிடிக்க வேண்டும். தப்பான கையால் சல்யூட் அடிக்கும் தாத்தாக்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. ஆனால் சாதாரண உடையில் ஒருவர் சரியாக சல்யூட் அடித்தால் அதைத் தவறு என்று நினைத்துவிடாதீர்கள், முன்னாள் படைவீரர்களுக்கு 2008-ல் வந்த சட்டத் திருத்தங்கள் அந்த உரிமையைக் கொடுத்திருக்கின்றன.

வண்டியில் இருந்தால் ஓரமாக நிறுத்துங்கள், ரேடியோவை அணையுங்கள். பல தரைப்படைத் தளங்களில் படையினர் வண்டியை விட்டு இறங்கி நிற்பார்கள், வான்படைத் தளங்களில் உள்ளேயே அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். அந்தந்தத் தளத்தின் வழக்கம் எது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பின்னால் வருபவர் மோதும்படி நடுரோட்டில் பிரேக் அடிப்பதில் மரியாதை ஒன்றுமில்லை.

5 மணி என்பதையும் எல்லா இடத்துக்கும் பொருத்தாதீர்கள். நேரத்தைத் தரைப்படையில் தளத்தின் தளபதி முடிவு செய்வார். கடற்படையில் காலை 8 மணிக்குக் கொடி ஏறும், சூரியன் மறையும்போது இறங்கும், அதனால் மாலை நேரம் நாளுக்கு நாள் மாறும். அங்கே 5 நிமிடம் முன்பாகவே 'ஃபர்ஸ்ட் கால்' என்ற எச்சரிக்கை ஊதல் உண்டு. அமெரிக்கக் குதிரைப் பந்தயம் பார்த்தவர்களுக்கு அது கேட்ட மெட்டாக இருக்கும், அதே ஊதலைத்தான் பந்தயத்துக்குக் குதிரைகளை வரவழைக்கவும் ஊதுகிறார்கள். ஜப்பானின் யோகோசுகா மாதிரி வெளிநாட்டுத் தளம் என்றால் அமெரிக்க கீதம் முடிந்ததும் நடக்க ஆரம்பிக்காதீர்கள், அடுத்து அந்த நாட்டின் கீதம் வரும். 'இனி உங்கள் வேலையைப் பார்க்கலாம்' என்பதற்குக் கடற்படையில் தனியாக ஒரு ஊதல் இருக்கிறது, அதுவரை பொறுங்கள்.

அப்புறம் பெயர்க் குழப்பம். ரிட்ரீட் என்றால் தோற்றுப் பின்வாங்குவது என்று எழுதிவிடுகிறார்கள். டெல்லியில் ஜனவரி 29 அன்று நடக்கும் பீட்டிங் ரிட்ரீட்டை நம் பத்திரிகைகள் 'பாசறை திரும்பும் நிகழ்ச்சி' என்று எழுதுகின்றன பாருங்கள், அதுதான் சரியான பொருள். அதேபோல, இறந்த வீரர்களுக்கு மரியாதையாக ஊதும் ஊதல்களில் லாஸ்ட் போஸ்ட் வேறு, டாப்ஸ் வேறு. லாஸ்ட் போஸ்ட் பிரிட்டிஷ் வழி வந்தது, இந்தியாவிலும் இலங்கையிலும் படைவீரர் நினைவிடங்களில் கேட்பது அதைத்தான். பெல்ஜியத்தின் ஈப்ரெஸ் நகரில், முதல் உலகப்போர் நினைவிடமான மெனின் வாசலில் தினமும் இரவு 8 மணிக்கு அதை ஊதுகிறார்கள், 1928-ல் தொடங்கிய வழக்கம், இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் பிடியில் ஊர் இருந்த ஆண்டுகளில் மட்டும் நின்றது. அந்த வாசலில் இந்திய வீரர்களின் பெயர்களும் இருக்கின்றன. அங்கே போனால் ஊதி முடித்ததும் கை தட்டிவிடாதீர்கள்.

டாப்ஸ் அமெரிக்கர்களுடையது, 24 ஸ்வரம், அவ்வளவுதான். பியூகிளில் வால்வு கிடையாது, உதட்டால் மட்டும் மாற்ற வேண்டும், அதனால் கிடைக்கும் ஸ்வரங்களே கொஞ்சம், டாப்ஸின் அந்த 24-ம் நாலே நாலு ஸ்வரங்கள் மாறி மாறி வருவதுதான். இதைப் பற்றி வாட்ஸப்பில் சுற்றும் கதையை நீங்களும் படித்திருப்பீர்கள்: அமெரிக்க உள்நாட்டுப் போரில் எல்லிகோம் என்ற கேப்டன் இருட்டில் ஒரு எதிரி வீரனை இழுத்து வருகிறார், விளக்கில் பார்த்தால் சொந்த மகன், சட்டைப்பையில் இந்த மெட்டு. அழ வைக்கும் கதைதான், ஆனால் அப்படி ஒரு கேப்டன் படைப் பதிவுகளில் இல்லவே இல்லை. உண்மையில் 1862 ஜூலையில் வர்ஜீனியாவின் ஹாரிசன்ஸ் லேண்டிங் முகாமில் ஜெனரல் டேனியல் பட்டர்ஃபீல்டு, விளக்கணைக்க ஊதும் மெட்டு பிடிக்காமல், ஒரு பழைய ஊதலின் கடைசிப் பகுதியை எடுத்து, தன் பியூகிளர் ஆலிவர் நார்ட்டனை ஊதச் சொல்லி, இங்கே இழு, அங்கே குறை என்று திருத்தினார். பக்கத்துப் படைப்பிரிவுகள் கேட்டுப் பிடித்துப்போய் எடுத்துக்கொண்டன. அதே ஆண்டில் கேப்டன் ஜான் டிட்பால் ஒரு வீரரை அடக்கம் செய்யும்போது, வழக்கமான துப்பாக்கி வேட்டுச் சத்தம் கேட்டால் அருகிலிருக்கும் எதிரி உஷாராகிவிடுவான் என்று அதற்குப் பதிலாக இதை ஊத வைத்தார். தூங்கப் போகச் சொன்ன ஊதல் இறுதிச்சடங்குக்கு வந்தது அப்படித்தான். பொய்க்கதையைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

அதனால் இரவு தளத்தில் கேட்கும் டாப்ஸுக்கு சல்யூட் தேவையில்லை, இறுதிச்சடங்கில் யூனிஃபார்மில் இருப்பவருக்குக் கட்டாயம் உண்டு. ஸ்வரம் பிசகினால் சிரிக்காதீர்கள், 1963 நவம்பர் 25 அன்று கென்னடியின் இறுதிச்சடங்கில் சார்ஜென்ட் கீத் கிளார்க்குக்கே ஆறாவது ஸ்வரம் உடைந்தது, குளிரில் வெகுநேரம் காத்திருந்தவர் அவர். இன்னொன்று, தளத்தில் தினமும் கேட்பது பெரும்பாலும் பதிவுதான், கம்பத்தடியில் போய் ஊதுகிறவரைத் தேடாதீர்கள். முன்னாள் வீரர்களின் இறுதிச்சடங்குகளுக்கும் ஊதத் தெரிந்தவர்கள் போதாததால், பியூகிளின் விரிந்த முனைக்குள் ஒரு சின்ன மின்னணுக் கருவியைச் செருகி, பொத்தானை அழுத்திவிட்டு உதட்டில் வைத்து நிற்பதை 2003 முதல் அனுமதித்திருக்கிறார்கள். ஊதுபவரின் கன்னம் உப்பவே இல்லை என்பதை நீங்கள் கவனித்துவிட்டால் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளாதீர்கள், சடங்கில் கையில் தரப்போகும் மடித்த கொடிக்காக முன்வரிசையில் ஒரு குடும்பம் காத்திருக்கிறது.