சிலிகோன் அச்சு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூரில் பரிசுக்கு வாங்கிப்போகும் சின்ன வீணைகளுக்கு நான் ரெசினில் (ஊற்றியபின் இறுகும் பிளாஸ்டிக் திரவம்) யாளித் தலை வார்க்கிறேன். பலாமரத்தில் செதுக்கிய ஒரு தலைதான் மாஸ்டர், அதாவது அச்செடுக்கும் மூலவடிவம். இதுவரை வீணாய்ப்போன அச்சுகளில் பாதிக்கு மேல், சிலிகோன் ரப்பரை ஊற்றுவதற்கு முன்பே வீணாகிவிட்டவை.

மரத்தை அப்படியே வைத்து ஊற்றாதீர்கள். பலாவின் நுண்துளைகளில் இருக்கும் காற்று குமிழாகக் கிளம்பி அச்சில் குழிகளாக நிற்கும். ரப்பரும் துளைக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று கை வார்னிஷ் அடித்து, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் மெல்லிசாக வாசலின் தடவுங்கள். அதையும் அப்பினால் பிரஷ் கோடு விழும். சிலிகோன் விரல்ரேகையைக்கூட விடாது. மாஸ்டரில் உப்புத்தாள் கீறல் இருந்தால், வார்க்கும் ஒவ்வொரு தலையிலும் அது இருக்கும்.

இரண்டு பாக அச்சுக்கு மாஸ்டரைப் பாதிவரை களிமண்ணில் பதிப்போம். ஒருமுறை கந்தகம் கலந்த மாடலிங் களிமண்ணில் பதித்து, பிளாட்டினம் வகை ரப்பரை (பிளாட்டினம் வினையூக்கியால் இறுகுவது) ஊற்றிவிட்டேன். மறுநாள் பிரித்தால் மேற்பக்கம் கெட்டி. களிமண்ணைத் தொட்ட ஓரம் முழுக்கப் பாகுபோல விரலில் இழுபட்டது. யாளியின் பல்வரிசை அதோடு போயிற்று. லேடெக்ஸ் கையுறையும், முன்பு தகர வகை ரப்பர் (தகர வினையூக்கியால் இறுகுவது) கலக்கிய கிண்ணமும் இதேபோலப் பிளாட்டினம் ரப்பரை இறுகவிடாது. தகர வகைக்கு இந்தத் தொல்லை கிடையாது, ஆனால் நாளாக நாளாகக் கொஞ்சம் சுருங்கும். வீணையின் கழுத்தான தண்டியில் பிசகாமல் உட்கார வேண்டிய தலைக்கு நான் பிளாட்டினத்தையே எடுப்பேன். சந்தேகம் இருந்தால், மாஸ்டரின் அடியில் ஒரு துளி ரப்பர் வைத்து, இறுகுகிறதா என்று பாருங்கள்.

முதல் பாகம் இறுகியதும் அதன்மேல் வாசலின் பூச மறந்தால், இரண்டாம் பாகம் அதோடு ஒட்டி ஒரே கட்டியாகிவிடும். பிரிக்கவே முடியாது.

கண்மதிப்பில் கலக்க வேண்டாம், தராசில் நிறுங்கள். கிண்ணத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலக்குங்கள். சித்திரை வெயிலில் ரப்பர் சீக்கிரமே இறுகத் தொடங்கும் என்பதால் விடியற்காலையில் ஊற்றுவது நல்லது. முதலில் பல்லிடுக்கில் பிரஷால் மெல்லிசாக ஒரு பூச்சு. பிறகு மாஸ்டரைச் சுற்றிய அச்சுப் பெட்டியின் ஒரு மூலையில் நூல்போல ஊற்றி, ரப்பர் தானாக ஏறி மாஸ்டரை மூடும்படி விடுங்கள்.

ஐப்பசி மழையில் பாலியூரிதேன் ரெசினை வார்க்காதீர்கள். ஈரம் பட்டால் அது நுரைத்துவிடும். டப்பாவைத் திறந்து போட்டால் அடுத்த வார்ப்புக்கும் ஆகாது. அந்த மாதங்களில் நான் எபாக்சிக்கு மாறிவிடுவேன்.