டேகேர் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஒன்ராறியோவின் நடுத்தர நகரங்களில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வீட்டு விலை கட்டுப்படியாகாமல் கிச்சினர், லண்டன், ஹமில்டன், ஒஷாவா என்று குடிபோகிற இளம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. போன இடத்தில் வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது. ஆனால் அம்மம்மா, மாமி, சித்தி எல்லாரும் பழைய இடத்திலேயே இருக்கிறார்கள். பிள்ளைக்கு ஒரு வயது நெருங்கும்போதுதான் பகலில் யாரிடம் விடுவது என்ற கேள்வி தலைக்கு மேல் வந்து நிற்கிறது. அந்த அவசரத்தில் பெற்றோர் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை தவிர்க்கக் கூடியவை.

முதலில் களைய வேண்டியது, லைசென்ஸ் உள்ள டேகேர் என்றால் விலை கூட, வீட்டில் வைத்துப் பார்ப்பவர்தான் மலிவு என்ற எண்ணம். பத்து வருடத்துக்கு முன்பு அது சரி. 2022 மார்ச்சில் ஒன்ராறியோ மத்திய அரசோடு ஒப்பந்தம் செய்தது. 'பத்து டொலர் டேகேர்' என்று எல்லாரும் சொல்கிற திட்டம் அதுதான். ஒரு நாளுக்குப் பத்து டொலர் என்ற கட்டணம் இன்னும் வரவில்லை. ஆனால் 2025 ஜனவரி முதல், திட்டத்தில் சேர்ந்த நிலையங்கள் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒரு நாளுக்கு 22 டொலருக்கு மேல் அடிப்படைக் கட்டணம் வாங்க முடியாது. மாதத்தில் 21 நாள் என்று வைத்தால் 462 டொலர். லைசென்ஸ் இல்லாத வீட்டில் ஒரு நாளுக்கு 45 டொலர் கேட்டாலே அதைப்போல் இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது. அந்த வீடுகளுக்கு இந்தத் திட்டம் பொருந்தாது. இன்றைக்கு ஒன்ராறியோவில் லைசென்ஸ் உள்ள இடம்தான் மலிவானது, அங்கே இடம் கிடைப்பதுதான் கஷ்டம். தேடலை இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

இதிலேயே இன்னொரு சறுக்கல் உண்டு. லைசென்ஸ் இருக்கிற எல்லா நிலையமும் திட்டத்தில் சேரவில்லை. சேராத இடத்தில், அதுவும் கைக்குழந்தைக்கு, மாதக் கட்டணம் ஆயிரம் டொலரைத் தாண்டலாம். ஆகவே தொலைபேசியில் கேட்கும்போது "லைசென்ஸ் இருக்கிறதா?" என்பதோடு நிறுத்தாமல், "கட்டணக் குறைப்புத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறீர்களா?" என்றும் கேளுங்கள். 22 டொலர் என்பது அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும். பிந்தி வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் வாங்கும் தண்டம், விருப்பத்துக்கு விட்ட சுற்றுலா போன்றவை தனி. எவை தனி என்று எழுத்தில் வாங்கி வையுங்கள்.

பிந்திப் பதிவது

எல்லாத் தவறிலும் விலை கூடியது இதுதான். மகப்பேற்று விடுப்பு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது தேடத் தொடங்குகிறார்கள். அதற்குள் பட்டியல் நிரம்பிவிடுகிறது.

காரணம் எளிது. 18 மாதத்துக்குக் குறைந்த பத்துக் குழந்தைகளுக்கு மூன்று பணியாளர் இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவின் விதி. 18 முதல் 30 மாதம் வரை ஐந்து பிள்ளைக்கு ஒருவர் போதும். அதற்கு மேற்பட்ட சிறுவர்களில் எட்டுப் பேருக்கு ஒருவர். கைக்குழந்தைக்குத்தான் ஆள் கூட வேண்டும், செலவும் கூட. அதனால் பல நிலையங்கள் கைக்குழந்தைப் பிரிவையே வைத்துக்கொள்வதில்லை. வைத்திருக்கும் இடங்களிலும் ஓர் அறையில் பத்துப் பிள்ளைகள்தான். நகரம் சின்னதாக இருக்க இருக்க அந்த அறைகளின் எண்ணிக்கையும் விரல்விட்டு எண்ணக் கூடியதாகிவிடுகிறது.

கர்ப்பம் உறுதியானதுமே பதியுங்கள். வாட்டர்லூ பிரதேசத்தில் 'வன்லிஸ்ட்' என்ற பொதுப் பதிவு இருக்கிறது. ஒரே விண்ணப்பத்தில் பல நிலையங்களின் பட்டியலில் சேரலாம். உங்கள் நகரத்தில் எப்படி என்று நகராட்சியின் அல்லது பிரதேச நிர்வாகத்தின் சிறுவர் சேவைப் பிரிவில் கேளுங்கள். அப்புறம், பெயரைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டாம். வீட்டுக்கு அருகில், வேலைக்கு அருகில், இரண்டுக்கும் நடுவில் என்று பல இடங்களில் பதிந்து, சில மாதத்துக்கு ஒருமுறை அழைத்து நீங்கள் இன்னும் காத்திருப்பதைச் சொல்லுங்கள்.

காத்திருப்புப் பட்டியலில் சேர்க்கவென்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள். லைசென்ஸ் உள்ள நிலையங்கள் அப்படி வாங்குவது 2016 செப்டம்பர் முதல் தடை. பட்டியலில் உங்கள் இடம் எது என்று கேட்டால் அவர்கள் சொல்லவும் வேண்டும். இந்த உரிமை இருப்பது தெரியாமல் எத்தனையோ பெற்றோர் இருட்டில் காத்திருக்கிறார்கள்.

விடுப்பு 12 மாதமா 18 மாதமா என்ற முடிவையும் இதோடு சேர்த்து எடுங்கள். 18 மாதம் எடுத்தால் பெற்றோர் விடுப்புக்குக் கிழமைக்குக் கிடைக்கும் உதவித்தொகை 55 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாகக் குறையும். ஆனால் பிள்ளை நேரே அடுத்த பிரிவுக்குப் போகலாம், அங்கே இடங்கள் கூட. பெற்றோர் விடுப்புக்கான உதவித்தொகை வரத் தொடங்கிய பிறகு இதை மாற்ற முடியாது என்பதால் பதிவின் நிலைமையைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

தமிழ் அன்ரி வீட்டில் விடுவது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழில் கதைப்பார், சோறும் பருப்பும் ஊட்டுவார், நேரம் பிந்தினாலும் கோபிக்க மாட்டார். ஒரு வயதுப் பிள்ளையை அப்படி ஒருவரிடம் விட விரும்புவது மிக நியாயமான ஆசை. லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் பிள்ளை பார்ப்பது சட்டவிரோதமும் இல்லை. ஆனால் எல்லை உண்டு. ஐந்து பிள்ளைகளுக்கு மேல் கூடாது. அதில் இரண்டு வயதுக்குட்பட்டவர்கள் மூன்று பேருக்கு மேல் கூடாது. பார்ப்பவரின் சொந்தப் பிள்ளை நான்கு வயதுக்குட்பட்டது என்றால் அதுவும் கணக்கில் சேரும். இந்த இடத்துக்கு அரசின் லைசென்ஸ் இல்லை என்பதை அவர் பெற்றோருக்கு எழுத்தில் தர வேண்டும்.

இந்த எண்ணிக்கை வெறும் காகித விதி இல்லை. 2013 ஜூலையில் ரொறன்ரோவுக்கு வடக்கே வாகன் நகரில், லைசென்ஸ் இல்லாத ஒரு வீட்டு டேகேரில் விட்டிருந்த இரண்டு வயதுப் பிள்ளை, வெயிலில் நின்ற காருக்குள் விடப்பட்டு இறந்தது. அங்கே அனுமதித்த எண்ணிக்கையைப்போல் பல மடங்கு பிள்ளைகள் இருந்தார்கள். அந்த இடத்தைப் பற்றி அமைச்சுக்கு முன்பே முறைப்பாடுகள் போயிருந்தன. அரசு அமைப்புகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் அதிகாரியான ஒன்ராறியோ ஒம்புட்ஸ்மன் அதை விசாரித்து 2014 ஒக்டோபரில் 113 பரிந்துரைகளோடு அறிக்கை வெளியிட்டார். இப்போதுள்ள சட்டம் அதே ஆண்டு டிசம்பரில் நிறைவேறி, 2015 ஓகஸ்ட் கடைசியில் நடைமுறைக்கு வந்தது.

லைசென்ஸ் என்றால் பெரிய கட்டடமாகத்தான் இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. லைசென்ஸ் பெற்ற ஏஜென்சியோடு சேர்ந்து வீட்டிலேயே நடத்தலாம். அப்படிச் சேர்ந்தவர் ஆறு பிள்ளைகள் வரை பார்க்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஏஜென்சியின் ஆள் சொல்லாமல் வந்து பார்ப்பார். பொலிஸ் சரிபார்ப்பும் முதலுதவிப் பயிற்சியும் கட்டாயம். ஏஜென்சி கட்டணக் குறைப்புத் திட்டத்தில் இருந்தால் அதே 22 டொலர் உச்சம் இங்கேயும் பொருந்தும். வாட்டர்லூவில் பிரதேச நிர்வாகமே இப்படி ஒரு வீட்டுப் பராமரிப்புச் சேவையை நடத்துகிறது. தமிழ் பேசும் பராமரிப்பாளர் இருக்கிறாரா என்று ஏஜென்சிகளிடம் கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்த நல்ல அன்ரி ஒருவர் இருந்தால், ஏஜென்சியில் சேரும் வழியை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் பாதுகாப்பு, அவருக்கும் நிரந்தர வருமானம். நம் சமூகத்தில் இது இன்னும் நிறைய நடக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அம்மம்மாவை சுப்பர் விசாவில் (பெற்றோரும் பாட்டன் பாட்டியும் வந்து நீண்ட காலம் தங்குவதற்கான விசா) கூப்பிடுவதையே ஒரே வழியாக வைத்திருப்பதும் ஆபத்து. விசா பிந்தலாம், அவருக்கு உடம்பு முடியாமல் போகலாம், பனிக்காலத்தில் ஒரு வயதுப் பிள்ளையோடு வீட்டுக்குள்ளேயே இருப்பது முதியவருக்குப் பெரிய பாரம். அவர் வந்தாலும் டேகேர் பட்டியலில் இருக்கும் பெயரை எடுக்காதீர்கள்.

பார்க்காமல், படிக்காமல் சேர்ப்பது

இடம் கிடைத்த சந்தோஷத்தில் நேரே போய்க் கையெழுத்து வைக்கிறார்கள். அதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மாகாண அரசின் இணையதளத்தில் நிலையத்தின் பெயரைத் தேடினால் லைசென்ஸ் நிலையும், பரிசோதனைகளில் கண்ட குறைகளும் கிடைக்கும். குறை ஒன்றிரண்டு இருந்தால் பயப்பட வேண்டாம், என்ன குறை என்று பாருங்கள். ஒரு கோப்பில் திகதி விடுபட்டது வேறு, பிள்ளைகளைக் கவனிக்க ஆள் போதாமல் இருந்தது வேறு. இரண்டாவது வகை திரும்பத் திரும்ப வந்தால் அந்த இடம் வேண்டாம். ஆசிரியர் பதிவு பெற்றவரா என்று சிறுபராயக் கல்வியாளர்களின் கல்லூரி (இது பள்ளி இல்லை, அவர்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் அமைப்பு) வைத்திருக்கும் பொதுப் பதிவேட்டிலும் பார்க்கலாம்.

நேரில் போகும்போது பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் போங்கள். சுவரில் உள்ள படங்களை விட, அழுகிற பிள்ளையை யார் எவ்வளவு நேரத்தில் தூக்குகிறார் என்பதைக் கவனியுங்கள். முழுநாள் இருக்கும் பிள்ளையை, காலநிலை இடம் கொடுத்தால், இரண்டு மணி நேரம் வெளியே விளையாட விட வேண்டும் என்பது விதி. அது எப்படி நடக்கிறது என்று கேளுங்கள். சைவச் சாப்பாடோ ஒவ்வாமையோ இருந்தால் எழுத்தில் கொடுங்கள். நீங்கள் எழுதிக் கொடுத்தபடி அவர்கள் நடக்க வேண்டும். பிள்ளை மறுக்க மறுக்க உணவைத் திணிப்பதும் இங்கே தடைசெய்யப்பட்டது. "எப்படியாவது சாப்பிட வையுங்கள்" என்று கேட்காதீர்கள், அவர்களால் முடியாது.

காசு விஷயத்தில் கோட்டை விடுவது

22 டொலரும் பாரமாக இருக்கிற குடும்பங்களுக்குத் தனியாக உதவி உண்டு. குடும்ப வருமானம் 20,000 டொலர் வரை என்றால் கட்டணமே இல்லை. அதற்கு மேல் வருமானத்தைப் பார்த்துப் படிப்படியாகக் கூடும். நகராட்சிதான் இதைக் கவனிக்கிறது. பொதுவாக வேலையில் அல்லது படிப்பில் இருக்க வேண்டும். இதற்கும் காத்திருப்பு வரலாம் என்பதால் இடம் கிடைக்கும் வரை பார்த்திருக்காமல் முன்பே விண்ணப்பியுங்கள். கணக்கிடுவது வரிப் பத்திரத்தை வைத்துத்தான். "எனக்கு வருமானமே இல்லையே" என்று ஒருவர் வரிக்கணக்குப் போடாமல் விட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

வரியிலும் திரும்பக் கிடைப்பதுண்டு. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வருடம் 8,000 டொலர் வரை பராமரிப்புச் செலவாகக் கழிக்கலாம். வழக்கமாக வருமானம் குறைந்த துணைவர்தான் கழிக்க வேண்டும். குடும்ப வருமானம் 150,000 டொலருக்குள் இருந்தால் ஒன்ராறியோவின் 'கெயர்' வரிச்சலுகையும் உண்டு. இரண்டுக்கும் பற்றுச்சீட்டு வேண்டும். வீட்டில் பார்ப்பவர் தனிநபர் என்றால் அதில் அவருடைய சமூகக் காப்புறுதி இலக்கமும் இருக்க வேண்டும். கையில் காசு வாங்கி, சீட்டுத் தர மறுக்கிறவரிடம் விட்டால் இந்தச் சலுகையை இழக்கிறீர்கள்.

பிள்ளைக்கு நான்கு வயதாகும் ஆண்டின் செப்டம்பரில் ஜேகே (பள்ளிக்கூடத்தின் முதல் பாலர் வகுப்பு) தொடங்கும். அதோடு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். பள்ளிக்கூடம் மூன்று மணியளவில் விட்டுவிடும், உங்கள் வேலை ஐந்து மணிக்கு. பள்ளிக்கு முன்னும் பின்னும் பார்க்கும் திட்டத்துக்குத் தனிப் பதிவு வேண்டும், அதுவும் நிரம்பும். ஜேகேக்குப் பதியும்போதே அதைப் பற்றியும் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, இடம் இருக்கிறது என்று நிலையம் அறிவித்தால் பதில் சொல்லத் தரும் அவகாசம் சில நாள்தான். பதில் வராவிட்டால் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். பதிவில் அம்மா, அப்பா இருவரின் மின்னஞ்சலையும் கொடுங்கள், ஸ்பாம் பெட்டியையும் அடிக்கடி பாருங்கள், தொலைபேசி இலக்கம் மாறினால் உடனே திருத்துங்கள். விடுப்பு முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கும்போது இடம் வந்தால், ஒரு மாதக் கட்டணத்தைக் கூடக் கட்டியாவது எடுத்துவிடுங்கள். வேலை தொடங்குவதற்குள் பிள்ளைக்கு இடம் பழகவும் அந்த மாதம் உதவும்.