உமிப் பலகை: நான் விட்ட பிழையை நீங்களும் விடாதேங்கோ

போன மாதம் கிளிநொச்சியில், உமியைப் பிசினோடு கலந்து சூடான பிரஸ்ஸில் அழுத்திப் பலகை செய்யப் பழக வந்த இரண்டு பெடியள் பிரஸ்ஸைத் திறந்தார்கள். "டப்." பலகையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பொக்களம். அந்தச் சத்தம் எனக்குப் பழசு.

பிசின் கூடுவதும் குறைவதும் ஒரு கிழமையில் தானாகப் பிடிபடும். அதை விடுகிறேன்.

உமி காய்ந்துவிட்டது என்று கையால் தீர்மானிப்பது

மில் உமியை அள்ளினால் சரசரக்கும். ஆனாலும் 10 வீதம் ஈரம் உள்ளே இருக்கும். 10 கிலோ உமி என்றால் ஒரு லீற்றர் தண்ணீர்! ஆவியானால் அதற்கு ஏறத்தாழ 1,700 லீற்றர் இடம் வேண்டும். அழுத்தம் இருக்கும்வரை பொறுத்திருக்கும். பிரஸ்ஸைத் தளர்த்தியதும் பலகையைப் பிளந்துகொண்டு வரும்.

நானும் காயவைத்தவன்தான். அதுதான் இன்னும் எரிச்சல். மார்கழியில் மழை விட்ட இரண்டு நாள், படங்கில் பரப்பிக் கிளறி, பின்னேரம் உரப்பையில் கட்டிவைத்தேன். விடியக் கலந்தேன். இரவு ஈரத்தை உமி குடித்துவிட்டிருந்தது. முப்பத்தெட்டுப் பலகையில் ஒன்றும் தேறவில்லை. பிசினுக்குக் கொடுத்தது கடன் காசு. அந்தப் பலகைகள்தான் இப்போதும் எங்கள் கோழிக்கூட்டுக்கு மறைப்பு.

100 கிராம் உமியை 105 பாகை அவனில் (oven) வைத்து, மணித்தியாலத்துக்கு ஒருதரம் நிறுங்கோ. இரண்டு தரம் ஒரே நிறை வந்தால்தான் காய்ந்தது. குறைந்த கிராம்தான் ஈர வீதம். கலவைக்குரிய உமியையும் அப்படியே காயவைத்து, இறுக்கி மூடிய வாளிக்குள் ஆறவிட்டு, ஆறின கையோடு கலக்க வேண்டும்.

அப்படிச் செய்தாலும், ஃபோமல்டிஹைட் என்ற இரசாயனத்தோடு காய்ச்சிய கஜு (முந்திரி) ஓட்டெண்ணெய்ப் பிசின் இறுகும்போது தானும் தண்ணீர் விடும். அந்த ஆவி வெளியேற, இடையில் ஒருதரம் பிரஸ்ஸைக் கொஞ்சம் தளர்த்தி மூடுங்கோ.

பச்சை ஓட்டெண்ணெயை வெறுங்கையால் தொடுவது

சின்ன வயதில் கஜு சுட்டு உதடு பொக்களித்தவருக்கு விளக்கம் தேவையில்லை.

உமிக்குப் பதில் உமிச்சாம்பல்

சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா. பலகை கடினமாகும், ஆனால் நாரின் வேலையை அது செய்யாது. கடுஞ்சூட்டில் எரிந்த சாம்பலில் பளிங்குச் சிலிக்கா இருக்கும், நெஞ்சுக்குக் கூடாது. மாஸ்க் இல்லாதவரை நான் உள்ளே விடுவதில்லை.

பனந்தும்பை (கலவையில் சேர்க்கும் பனை நாரை) நீளமாகவே போடுவது

வெட்டுங்கோ. முடிச்சு விழும்.

உமியின் வழுவழுப்பை மறப்பது

உமியின் வெளித்தோலில் மெழுகும் சிலிக்காவும் இருப்பதால் பிசின் சரியாகப் பிடிக்காது. 5 வீதக் கோஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்து, நன்றாகக் கழுவ வேண்டும். கழுவினால் திரும்பவும் அவன், திரும்பவும் தராசு.

இவ்வளவும் சொல்லி முடிய, பெடியனில் ஒருவன் முற்றத்தைப் பார்த்தான்.

"அண்ணை, இண்டைக்கு வெயில் நல்லா எறிக்குது. அவன் போடத்தான் வேணுமோ?"