கடலரிப்பைப் படமெடுப்போர் ஓத நேரத்தையும் குறித்து வையுங்கள்
மேற்கு வங்கத்தில் ஹூக்ளி ஆற்று முகத்துவாரத்திலுள்ள கோராமாரா தீவு, கடல்மட்ட உயர்வாலும் ஆற்று நீரோட்டத்தாலும் சில பத்தாண்டுகளில் தன் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் இழந்திருக்கிறது. அங்கிருந்து பெயர்ந்த குடும்பங்கள் பல, அருகிலுள்ள சாகர் தீவில் வாழ்கின்றன. இத்தகைய கரையை ஆண்டுதோறும் ஒரே கோணத்தில் படமெடுப்பவர்கள், நின்ற இடத்தின் ஜிபிஎஸ் குறியீட்டையும் லென்ஸின் குவியத் தூரத்தையும், எல்லாவற்றுக்கும் மேலாக ஓத நேரத்தையும், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தையும், எழுதி வைக்க வேண்டும். தாழ் ஓதத்தில் எடுத்த பழைய படத்தை உயர் ஓதத்தில் எடுத்த புதிய படத்துடன் ஒப்பிட்டுக் காட்டினால், அம்மக்களின் உண்மையான இழப்பின் மீதே ஐயம் எழுந்துவிடும், அது அவர்களுக்கு நாம் செய்யும் அநீதி. வீடிழந்தவரைப் படமெடுக்குமுன், அப்படம் எங்கே, எதற்காக வெளியாகும் என்பதை அவருடைய மொழியிலேயே விளக்கி ஒப்புதல் பெறுங்கள்; பழைய வீடு இருந்த திசையை அவரையே காட்டச் சொல்லி, அதையும் படக்குறிப்பில் சேருங்கள்.