மலையில் காசித்தும்பை: விதை எடுப்பதும் வளர்ப்பதும்

கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் காசித்தும்பை வளர்ப்பதில் பாதி வேலை விதையில்தான். ஓராண்டுச் செடி, பூத்துக் காய்த்ததும் போய்விடும்.

காய் சிறியது, மெல்லிய மயிர் படர்ந்தது. முற்றினால் பருத்து, பச்சை வெளிறும். அப்போது விரல் பட்டாலே தோல் ஐந்து பட்டையாகப் பிரிந்து உள்பக்கம் சுருண்டு, விதையை நாலாபக்கமும் வீசிவிடும். அதனால் காயை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு காம்பைக் கிள்ளுங்கள். கரும்பழுப்பு விதைதான் முற்றியது. வெள்ளையாக இருந்தால் முளைக்காது. ஒரு வாரம் நிழலில் உலர்த்திக் காகித உறையில் வையுங்கள். சரியாகக் காயாததைப் பிளாஸ்டிக் கவரில் கட்டினால் பூசணம் பிடிக்கும்.

விதையைத் தோட்டத்துச் செடியிலிருந்து எடுங்கள். காப்புக்காட்டில் பறிப்பது குற்றம். மேற்குத் தொடர்ச்சி மலையின் காசித்தும்பை இனங்களில் பல வேறெங்கும் இல்லாதவை. நர்சரியில் கிடைக்கும் சுல்தானா ரகம் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, அது வேறு செடி.

கோடை மழை விழும் ஏப்ரல், மே மாதமே விதைக்க ஏற்றது. தள்ளிப்போட்டால் ஊட்டி போன்ற இடங்களில் டிசம்பர், ஜனவரி உறைபனி ஒரே ராத்திரியில் செடியைக் கருக்கிவிடும். தோட்டமண் 2 பங்கு, மட்கிய இலை உரம் 1, மணல் 1 கலந்து, விதை மறையும் அளவுக்கு மட்டும் மண் தூவுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். குளிர் இருந்தால் இன்னும் தாமதமாகும். நாலு இலை விட்டதும் 25 செ.மீ. இடைவெளியில் பிரித்து நடுங்கள். காலை வெயில் படும் இடமாக இருக்கட்டும்.

நாற்று தரைமட்டத்தில் நூல்போல மெலிந்து சாய்கிறதா? நெருக்கமும் ஓயாத ஈரமும் சேர்ந்து வந்த அழுகல் அது. சாய்ந்ததைப் பிடுங்கிவிட்டு, மண்ணின் மேல்பரப்பு காய்ந்தபின் தண்ணீர் விடுங்கள். மழை மாதங்களில் ஓடில்லாத நத்தை இளந்தளிரைத் தின்றுவிடும்; டார்ச் அடித்து ராத்திரியில் பொறுக்குவதே வழி. பின்முனையில் கொம்பும் பக்கவாட்டில் கண் போன்ற பொட்டுகளும் கொண்ட தடித்த புழு தெரிந்தால் அது அந்திப்பூச்சி இனத்துப் புழு. இரண்டு இருந்தாலே இலையை மொட்டையாக்கிவிடும். கையால் எடுத்துப் போடுங்கள், மருந்து அடிக்காதீர்கள். தேனீ வராவிட்டால் காய்ப்பு குறையும்.

மத்தியானம் இலை தொங்கினால் உடனே வாளியைத் தூக்க வேண்டாம். தண்டு முழுக்க நீர்தான், வெயிலில் சோர்வது இயல்பு, சாயங்காலம் நிமிர்ந்துவிடும். காலையிலும் தொங்கி, மண்ணும் ஈரமாக இருந்தால் வேர் அழுகுகிறது. தொட்டியைச் சாய்த்து அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.