எந்த அரசிடம் கேட்பது? அமெரிக்காவுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு

அமெரிக்காவில் இறங்கிய முதல் சில மாதங்களில் நம்மவர்கள் படும் அலைச்சலில் பெரும்பகுதி, சரியான கேள்வியைத் தவறான அலுவலகத்தில் கேட்பதால் வருகிறது. வேலைக்கும் ஓய்வூதியத்துக்கும் எண் தரும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் போய் ஓட்டுநர் உரிமம் பற்றி விசாரிப்பார்கள். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மாநிலக் கல்வித் துறைக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். இந்த நாட்டின் அரசியலமைப்பு அதிகாரத்தை எப்படிப் பங்கு போட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்த அலைச்சல் குறையும். சில இடங்களில் அந்த அறிவு உங்கள் விசாவையே காப்பாற்றும்.

கொஞ்சம் பழைய கதையோடு தொடங்குகிறேன், அது இல்லாமல் மற்றது பிடிபடாது. 1776-ல் பிரிட்டனை விட்டுப் பிரிந்தவை பதின்மூன்று தனித்தனிக் காலனிகள். 1781-ல் அவை செய்துகொண்ட முதல் ஒப்பந்தத்தில், நடுவில் இருந்த காங்கிரசுக்கு வரி விதிக்கும் அதிகாரம்கூடக் கிடையாது. மாநிலங்களிடம் பணம் கேட்கலாம். அவை கொடுத்தால்தான் உண்டு. அந்த ஏற்பாடு ஓடவில்லை. 1787-ல் பிலடெல்பியாவில் கூடிப் புதிய அரசியலமைப்பை எழுதினார்கள். ராணுவம், வெளியுறவு, நாணயம், மாநிலங்களுக்கு இடையிலான வணிகம், குடியுரிமை வழங்கும் விதிகள் போன்றவற்றை மத்திய அரசுக்கு என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்படி எழுதிக் கொடுக்காதவை மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியவை என்று 1791-ல் சேர்ந்த பத்தாவது திருத்தம் சொல்கிறது.

இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். அங்கே எந்தப் பட்டியலிலும் வராத அதிகாரம் ஒன்றிய அரசுக்குப் போகும். மதராஸ் மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்ற 1969-லும் அதற்கு நாடாளுமன்றத்தின் சட்டம் தேவைப்பட்டது. இங்கே ஒரு மாநிலத்தைப் பிரித்து இன்னொன்றை உண்டாக்க அந்த மாநிலத்தின் சட்டமன்றமும் சம்மதிக்க வேண்டும். ஆளுநரை யாரும் நியமிப்பதில்லை, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசியலமைப்பு, தனிக் குற்றவியல் சட்டம், தனி நீதிமன்ற அடுக்கு. இலங்கையிலிருந்து வருபவர்களுக்கு இது இன்னும் புதிதாக இருக்கும். அந்த நாட்டின் அரசியலமைப்பே தன்னை ஒற்றையாட்சி என்று அறிவித்துக்கொள்கிறது.

இனி அன்றாடத்துக்கு வருவோம். விசா, கிரீன் கார்டு, சோஷியல் செக்யூரிட்டி எண், பாஸ்போர்ட் எல்லாம் மத்திய அரசு. ஓட்டுநர் உரிமம் மாநிலம். திருமண உரிமம் பெரும்பாலான இடங்களில் கவுண்டி, அதாவது மாநிலத்துக்குள் நம்மூர் மாவட்டம் போன்ற ஒரு பகுதியின் அரசு. குப்பை, தண்ணீர், வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட அனுமதி ஆகியவை பெரும்பாலும் ஊராட்சி அல்லது நகராட்சி. பள்ளிக்கூடம் பெரும்பாலான இடங்களில் தனியாக ஒரு பள்ளி மாவட்டத்தின் கையில். வருமான வரி மத்திய அரசுக்கு எல்லாரும் கட்ட வேண்டும். மாநிலத்துக்கும் கட்ட வேண்டுமா என்பது நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. டெக்சாசில் மாநில வருமான வரி இல்லை, கலிபோர்னியாவிலும் நியூ ஜெர்சியிலும் உண்டு. இல்லாத இடத்தில் சொத்து வரியும் விற்பனை வரியும் அந்த வேலையைச் செய்யும். ஆகவே வேறு மாநிலத்தில் வேலை கிடைத்தால் சம்பளத்தை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுக்காதீர்கள்.

வீடு மாறும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். ஓட்டுநர் உரிமம் தரும் மாநில அலுவலகமான டிஎம்வியில் முகவரியை மாற்றிவிட்டால் அரசாங்கத்துக்குச் சொன்னதாகிவிட்டது என்று நினைக்கிறோம். அது மாநிலத்துக்குச் சொன்னது மட்டுமே. குடியுரிமை இல்லாத நம்மில் பெரும்பாலோர் குடியேற்ற விண்ணப்பங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் யுஎஸ்சிஐஎஸ் அலுவலகத்துக்கு ஏஆர்-11 படிவத்தின் மூலம் 10 நாட்களுக்குள் தனியாகத் தெரிவிக்க வேண்டும். இது மத்தியச் சட்டம். தபால் நிலையத்தில் முகவரி மாற்றக் கோருவது இதற்கு ஈடாகாது. மாநிலமே மாறினால் புதிய ஓட்டுநர் உரிமத்துக்கான கெடுவும் மாறும்: கலிபோர்னியாவில் 10 நாள், நியூ ஜெர்சியில் 60 நாள், டெக்சாசில் 90 நாள். அலுவலகத்தின் பெயரும் ஒன்றாக இருக்காது. இல்லினாயில் மாநிலச் செயலாளர் அலுவலகம் உரிமம் தருகிறது, டெக்சாசில் பொதுப் பாதுகாப்புத் துறை.

நம் பெயர்கள் இந்த இரண்டு அரசுகளுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது உண்டு. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்து மற்றக் கட்டம் காலியாக இருந்தால், விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகிவிடும். மாநில அலுவலகம் உங்கள் சட்டபூர்வ இருப்பை பெரும்பாலும் மத்திய அரசின் கணினியில் சரிபார்த்துத்தான் உரிமம் தருகிறது. எழுத்து ஒன்று மாறினாலும் அங்கே நின்றுவிடும். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்த அன்றே நீங்கள் நாட்டுக்குள் வந்ததைக் காட்டும் ஐ-94 பதிவை இணையத்தில் எடுத்துப் பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அதைத் திருத்திய பிறகு மற்ற வேலைகளுக்குப் போங்கள்.

அதே டிஎம்வி கவுண்டரில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. 1993-ல் வந்த மத்தியச் சட்டத்தால், உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் இடத்திலேயே வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளவும் கேட்கிறார்கள். ஊழியர் வேகமாகக் கேட்பார், நாமும் தலையாட்டிக்கொண்டே கையெழுத்துப் போடுவோம். வேண்டாம். நீங்கள் குடிமகன் இல்லையென்றால், கிரீன் கார்டு இருந்தாலும்கூட, அந்தக் கட்டத்தைத் தொடாதீர்கள். குடிமகன் என்று பொய்யாகச் சொல்வது மத்தியச் சட்டப்படி குற்றம். நாட்டை விட்டே அனுப்பக்கூடிய காரணம். நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் ஜூரி பணிக்கு அழைத்துக் கடிதம் வந்தால் குப்பையில் போடாமல், குடிமகன் இல்லை என்று குறித்துத் திருப்பி அனுப்புங்கள்.

கஞ்சா விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சங்கக் கூட்டங்களில் இதை யாரும் பேசுவதில்லை. கலிபோர்னியாவிலும் நியூ ஜெர்சியிலும் 21 வயதானவர்களுக்குக் கடையிலேயே விற்கிறார்கள், மாநிலச் சட்டப்படி குற்றமில்லை. ஆனால் மத்தியச் சட்டத்தில் அது கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள். உங்கள் விசாவும் கிரீன் கார்டும் குடியுரிமையும் மத்திய அரசின் கையில் இருக்கின்றன. மாநிலம் அனுமதித்தது என்பது குடியேற்ற அதிகாரியிடம் பதிலாகாது. படிக்க வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கடமைகளையே அடுக்கினால் பயமாக இருக்கும். உரிமைகளும் உங்களுக்கு உண்டு. 1868-ல் வந்த பதினான்காவது திருத்தம் சட்டத்தின் சமமான பாதுகாப்பைக் குடிமக்களோடு நிறுத்திக்கொள்ளாமல், தன் எல்லைக்குள் இருக்கும் மனிதர் எவருக்கும் நீட்டுகிறது. சான்பிரான்சிஸ்கோவில் மரக் கட்டடத்தில் சலவைக்கடை நடத்த அனுமதி வாங்க வேண்டும் என்று நகராட்சி விதி போட்டது. சீனர்களுக்கு அனுமதி மறுத்தது, மற்றவர்களுக்குக் கொடுத்தது. கடை நடத்திய சீனர்கள் அமெரிக்கக் குடிமக்கள் இல்லை. ஆனாலும் 1886-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. நாம் இன்று நிம்மதியாகக் கடை வைத்திருப்பதற்கும் வீடு வாங்குவதற்கும் அந்தச் சலவைத் தொழிலாளர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றே நினைக்கிறேன். 1982-ல் டெக்சாஸ் வழக்கு ஒன்றில், ஆவணமில்லாத குழந்தைகளுக்கும் பொதுப் பள்ளியை மறுக்கக் கூடாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. ஆனால் நாட்டுக்குள் விடுவதா, தொடர்ந்து இருக்க விடுவதா என்ற கேள்விகளில் மத்திய அரசுக்கு மிகப் பரந்த அதிகாரம் உண்டு. அங்கே நல்ல வழக்கறிஞர் தேவை.

கடைசியாக ஒன்று. செய்தித் தொலைக்காட்சி முழுக்க வாஷிங்டன்தான் ஓடும், ஆனால் உங்கள் வாழ்க்கையைத் தொடும் பல முடிவுகள் பத்து மைல் தூரத்துக்குள் எடுக்கப்படுகின்றன. சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தில் பெயர் சொல்லித் தடை செய்த முதல் அமெரிக்க நகரம் சியாட்டில், 2023 பிப்ரவரியில். அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய அதுபோன்ற மசோதாவை ஆளுநர் நியூசம் திருப்பி அனுப்பிவிட்டார். வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளியில் படித்ததை உயர்நிலைப் பள்ளியின் அயல்மொழிப் படிப்பாக ஏற்பதா என்பதையும் பல இடங்களில் பள்ளி மாவட்டமே முடிவு செய்கிறது. ஏற்றுக்கொண்ட மாவட்டங்களில் அதற்குப் பின்னால் விடாமல் கேட்ட பெற்றோர்கள் இருக்கிறார்கள். பள்ளி வாரியக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே மாவட்டத்தின் இணையதளத்தில் வரும். பேச விரும்பினால் பெயரைக் கொடுக்க வேண்டும், பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம் தருவார்கள். அங்கே பேச வாக்குரிமை தேவையில்லை, உங்கள் விசா என்ன என்றும் கேட்க மாட்டார்கள். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், உங்கள் கருத்தில் இருக்கும் இன்னும் இரண்டு குடும்பங்களையும் அழைத்துக்கொண்டு போங்கள்.